மேட்டூர் நீர்மட்டத்தைத் தறியில் ஏற்றியபோது

பாசனக் காலத்தில் தமிழ்ச் செய்தித்தாள் எதைப் புரட்டினாலும் அந்தச் சின்னப் பெட்டிச் செய்தி இருக்கும். மேட்டூர் அணை, காலை 8 மணி நிலவரப்படி நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை, இருப்பு இத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி). டெல்டாக்காரர்கள் ராசிபலனுக்கு முன்னால் இதைப் படிப்பார்கள். மற்றவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள்.

அந்தப் பெட்டிச் செய்தியை நாளுக்கு நான்கு ஊடை (தறியில் குறுக்கே ஓடும் நூல்) என்ற கணக்கில் இரண்டு பருத்தித் துணிகளாக நெய்து வாங்கினேன். ஒன்று 2023 ஜூன் முதல் 2024 மே வரை, இன்னொன்று 2024 ஜூன் முதல் 2025 மே வரை. நான் கணினியில் நிரல் எழுதிப் படம் வரைகிறவள், தறியில் உட்காரத் தெரியாது. நெய்தவர் பவானி பக்கம் வீட்டிலேயே குழித்தறி வைத்திருக்கும் ஒரு பெரியவர். தரவை வைத்துக் கலை செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் மென்பொருளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மென்பொருள் இதில் சுலபமான பகுதி. மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சோதனையைச் சொல்லிவிடுகிறேன், நான் எதைத் தொடங்கினாலும் செய்வது. எண்களைப் படமாக்கும் விதி தயாரானதும் அதே விதியில் மூன்று படங்கள் எடுப்பேன். ஒன்று உண்மையான தரவு. இரண்டாவது, அதே எண்களைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டது. மூன்றாவது, கணினி தன்னிஷ்டத்துக்குக் கொடுத்த எண்கள். மூன்றையும் அருகருகே ஒட்டி, விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டுவேன். மூன்றும் ஒரே மாதிரி அழகாக இருக்கின்றன என்று அவர் சொல்லிவிட்டால் அந்த விதியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தரவு அங்கே வேலை செய்யவில்லை. அழகு முழுக்க என் நிரலிலிருந்து வருகிறது, எண்கள் சும்மா விளம்பரத்துக்கு நிற்கின்றன.

இந்தச் சோதனையில் தோற்கும் படைப்புகள் நிறைய. பெரிய கட்டடங்களின் வரவேற்பறையில் சுவர் முழுக்கத் திரை வைத்து, வண்ணக் குழம்பு அலையடிப்பதுபோலக் காட்டுவார்கள். கீழே ஒரு பலகையில் 'நகரத்தின் காற்றுத் தரவு' என்று எழுதியிருக்கும். காற்றை எடுத்துவிட்டுப் பங்குச்சந்தையைப் போட்டாலும் அதே குழம்புதான். திரை என்றாலே ஆகாது என்று சொல்ல வரவில்லை. ஜப்பானியக் கலைஞர் ரியோஜி இக்கேதாவின் கறுப்பு வெள்ளைத் திரைகளுக்கு முன்னால் எண்களின் எடை உடம்பில் ஏறும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எண் மாறினால் படைப்பு மாறுகிறதா? 1995 வாக்கில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் நடாலி ஜெரமிஜென்கோ கூரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கயிற்றைத் தொங்கவிட்டார். அதன் தலையில் ஒரு சின்ன மோட்டார், மோட்டாரிலிருந்து கட்டடத்தின் கணினி வலையமைப்புக்கு இணைப்பு. வலையமைப்பில் போக்குவரத்து கூடினால் கயிறு சுழன்று ஆடும், குறைந்தால் எப்போதாவது லேசாகத் துடிக்கும். அவ்வளவுதான் படைப்பு. அந்தக் கயிற்றுக்கு வேறு எண்களைக் கொடுத்தால் வேறு மாதிரிதான் ஆடும்.

சரி, மேட்டூருக்கு வருவோம்.

ஏன் துணி என்று கேட்டால், பாதி காரணம் ஊர். அணையிலிருந்து இறங்கி வரும் காவிரி, பவானி கூடுதுறையில் பவானி ஆற்றோடு சேர்கிறது. கரையிலேயே தறிகள் இருக்கின்றன. இன்னொரு பாதி, எட் ஹாக்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் காலநிலை அறிவியலாளர் 2018-இல் வெளியிட்ட வெப்பக் கோடுகள். ஆண்டுக்கு ஒரு கோடு, குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு. எழுத்து இல்லை, அச்சு இல்லை, எண் இல்லை, ஆனாலும் யாருக்கும் புரிந்துவிடும். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் எனக்கு ஊடைதான் நினைவுக்கு வந்தது. குறுக்கே ஓடும் ஒவ்வொரு நூலும் ஒரு அளவீடு.

ஆண்டை ஜனவரியில் தொடங்கவில்லை. காவிரிக் கணக்கே ஜூன் முதல் மே வரைதான். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில், எல்லையில் காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டும் என்று சொன்ன 177.25 டி.எம்.சி.யும் அந்த ஆண்டுக் கணக்கின்படி மாதவாரியாகப் பிரிக்கப்பட்டதே. குறுவை நெல்லுக்கு அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஜனவரியில் தொடங்கியிருந்தால் கதை நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். உங்கள் தரவுக்கும் அதற்கென்று ஒரு பருவம் இருக்கும். பள்ளித் தரவு என்றால் ஜூன், கோயில் உண்டியல் என்றால் திருவிழா, மீன்பிடி என்றால் தடைக்காலம். அதைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் செலவானாலும் தகும்.

அடுத்தது, எந்த எண்? இதில்தான் எனக்கு நிறைய நாள் ஓடியது. செய்தியில் பெரிய எழுத்தில் வருவது நீர்மட்டம். முழு நீர்மட்டம் 120 அடி, அப்போது உள்ளே 93.47 டி.எம்.சி. தண்ணீர். அப்படியென்றால் 60 அடியில் பாதித் தண்ணீர் இருக்கும் என்று தோன்றும். இருக்காது. சுமார் 25 டி.எம்.சி.தான், கால்வாசிக்குச் சற்று அதிகம். பள்ளத்தாக்கு மேலே போகப் போக அகலமாகிறது. அதனால் 100 அடியிலிருந்து 120-க்கு ஏறும் இருபது அடியில் கிட்டத்தட்ட 28 டி.எம்.சி. அடங்குகிறது. அடிமட்டத்தின் முதல் அறுபது அடியைவிட அது அதிகம்.

நிறத்தை அடிக்குக் கட்டினால் 60 அடி நாள் பாதி நிறைந்த நாளாகத் தெரியும். டி.எம்.சி.க்குக் கட்டினால் அதே நாள் வறண்ட நாள். இரண்டும் அதே அணை, அதே காலை 8 மணி. நான் டி.எம்.சி.யை எடுத்தேன். வயலுக்குப் போவது தண்ணீர்தானே, உயரமா போகிறது? ஆனால் ஒரு நண்பர், மக்கள் மனதில் இருப்பது அடிக்கணக்கு, அதைத்தான் நெய்ய வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. யார் சரி என்பதைவிட, இந்த வாதம் நிரல் எழுதுவதற்கு முன்னால் நடந்து முடிந்துவிட வேண்டும் என்பது முக்கியம். நிறம் தேர்ந்தெடுத்த பிறகு அளவுகோலைத் தொட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

எண்களைச் சேர்த்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செய்திகளிலிருந்து எடுத்தேன், தேதிவாரியாக ஒரு சி.எஸ்.வி. கோப்பு, அதாவது வெறும் எழுத்தில் ஒரு அட்டவணை. வெள்ளக் காலத்தில் மாலை 4 மணி, இரவு 8 மணி என்று ஒரே நாளில் பல எண்கள் வரும். காலை 8 மணியைத் தவிர எதையும் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

தட்டச்சுப் பிழைகளைப் பிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. நேற்றைய இருப்போடு வரத்தைக் கூட்டி வெளியேற்றத்தைக் கழித்தால் இன்றைய இருப்புக்குப் பக்கத்தில் வர வேண்டும். நேற்று 101.8 அடி, இன்று 110.8 அடி என்று ஒரு செய்தி சொன்னால், அந்த ஒன்பது அடி ஏற ஒரு லட்சத்துக்கு மேல் கன அடி வந்திருக்க வேண்டும். வரத்து மூவாயிரம் என்று பக்கத்திலேயே போட்டிருந்தால் 100.8 என்பது 110.8 ஆகியிருக்கிறது என்று பொருள். ஆவியாதல், கசிவு எல்லாம் இந்தக் கணக்கில் வராது, அதனால் துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் முட்டாள்தனமான எண்கள் எல்லாம் மாட்டிக்கொள்ளும். எந்தத் தரவாக இருந்தாலும் இப்படி ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்கும் இரண்டு எண் வரிசைகளைத் தேடுங்கள்.

எண்ணே கிடைக்காத நாட்கள் சில இருந்தன. முந்தின நாளுக்கும் அடுத்த நாளுக்கும் நடுவில் ஒரு எண்ணைப் போட்டு நிரப்பிவிடலாம், ஒரு வரி நிரல் போதும், யாருக்கும் தெரியாது. நான் அந்த நாட்களுக்குச் சாயம் போடாத வெள்ளை நூல் கொடுத்தேன். துணியைப் பார்க்கிறவர்கள் முதலில் விரல் வைப்பது அந்த வெள்ளைக் கோடுகளில்தான்.

இனி தறி. திரையில் எனக்குக் கோடிக்கணக்கில் நிறங்கள் உண்டு. தறியில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தார் (ஊடை நூல் சுற்றும் குச்சி) சுற்ற வேண்டும், அதை ஏந்திக் குறுக்கே ஓடும் நாடாவை மாற்ற வேண்டும். பெரியவரிடம் இருபது நிறம் என்று பேச்செடுத்தபோது அவர் மறுக்கவில்லை, சிரித்தார். இருப்புக்கு ஏழு நிறம் என்று முடிவானது. 93.47-ஐ ஏழு சம பங்காக்கினால் ஒவ்வொரு படியும் 13 டி.எம்.சி.யும் கொஞ்சமும். காய்ந்த மண் நிறத்தில் தொடங்கி, சாம்பல் கலந்த பச்சை, இளநீலம் என்று போய்க் கடைசியில் கருநீலம்.

அதற்கு முன்னால் நான் கொண்டுபோன தாளில் வறட்சிக்குச் சிவப்பு போட்டிருந்தது, உலகம் முழுக்க இருக்கும் வழக்கம்தான். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "செவப்புன்னா ஆத்துல புதுத் தண்ணி வருதுன்னு அர்த்தமுங்க அம்மிணி. ஆடியில வந்து பாருங்க" என்றார். உண்மைதான். கரையில் இருப்பவர்களுக்கு வெள்ளம் செம்மண் நிறத்தில்தான் வரும். காவிரி நீலமாக ஓடுவது வரைபடத்தில் மட்டுமே.

அந்த ஒரு வாக்கியத்தில் விதியே மாறியது. வறட்சி மண் நிறமானது. சிவப்பை வரத்துக்கு வைத்தோம்: நீர்வரத்து ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிய நாளில் நான்கு ஊடைகளில் கடைசி இரண்டு செம்மண் நிறம். முழு விதியையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தண்ணீர் கூடினால் நீலம் கூடும், லட்சம் கன அடி வந்த நாளில் சிவப்பு, எண் கிடைக்காத நாள் வெள்ளை. தரவுக்கென்று இதற்கு மேல் எதையும் சேர்க்கவில்லை. நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது, அணை நீர் பரவியிருக்கும் பண்ணவாடியில் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் தண்ணீருக்கு வெளியே தலை காட்டும். அந்த நாட்களுக்கும் ஒரு அடையாளம் போடலாமே என்று கேட்டவர்கள் பலர். ஆசையாகத்தான் இருந்தது. போட்டிருந்தால் துணிக்குப் பக்கத்தில் ஒரு விளக்கவுரை ஒட்ட வேண்டியிருக்கும்.

ஏன் நாளுக்கு நான்கு ஊடை? நான் மூன்று கேட்டேன். தறி தெரிந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். நாடா இடமிருந்து வலம் போனால் ஒரு ஊடை, திரும்பி வந்தால் இரண்டு. "ஒத்தப்படையில நிறுத்துனா நாடா அந்தப் பக்கம் போயி நின்னுக்குமுங்க, மாத்துற நாடா இந்தப் பக்கம் இருக்குமுங்க" என்று கையால் காட்டினார். இரட்டைப்படைதான் இயல்பு. இரண்டு ஊடை போட்டால் கோடு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகிறது. அதனால் நான்கு. நூல் தடிமனானது, அங்குலத்துக்கு 16 ஊடை. ஆக ஒரு நாள் கால் அங்குலம், ஒரு ஆண்டு ஏழரை அடிக்குச் சற்று மேல். 2024 பிப்ரவரிக்கு 29 நாள் என்பதால் முதல் துணி நான்கு ஊடை கூடுதல்.

இதை அளந்து பார்த்தால் சரியாக வராது, எண்ணிப் பார்த்தால்தான் வரும். காலையில் ஊடையை நெருக்கும் பலகையை அடிக்கும் வேகம் வேறு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு. அடி இறுகினால் ஊடை நெருங்கும். தறியிலிருந்து இறக்கியதும் இழுவை தளர்ந்து துணி சுருங்கும். நீளத்தை வைத்து "இதோ ஆகஸ்ட் 15" என்று கோடு கிழித்தால் தப்பாகிவிடும். அதற்காக மாதம் முடியும் இடத்தில் எல்லாம் இரண்டு ஊடை மஞ்சள் போட்டோம். பார்க்கிறவருக்கு அது மாதக் கோடு. எங்களுக்கு அது கணக்குச் சரிபார்ப்பு. ஜூனில் 30 நாள், 120 ஊடை. எங்காவது ஒரு நாள் விட்டுப்போனால் அந்த மஞ்சளுக்கு முன்னால் தெரிந்துவிடும், அடுத்த மாதத்துக்குப் பரவாது. கணினியில் கோப்பு அனுப்பும்போது நடுநடுவே சரிபார்ப்பு எண் வைப்பார்களே, அதே வேலை.

தறிக்கு நான் படம் அனுப்பவில்லை. வண்ணப் படத்தைத் தறி ஓரத்தில் மாட்டி வைத்தால் எந்தக் கோட்டில் இருக்கிறோம் என்று கண் தொலைந்துவிடும். அதற்குப் பதிலாக, தொடர்ந்து வரும் ஒரே நிறத்தைக் கூட்டி ஒரு பட்டியல் எடுத்தேன். 'கருநீலம் 48, நீலம் 12, கருநீலம் 8' என்று வரிசையாக, பெரிய தமிழ் எழுத்தில், வரிக்கு ஒன்று. படக் கோப்புகளைச் சுருக்கக் கணினி பயன்படுத்தும் பழைய உத்தி இது. பெரியவர் ஒவ்வொரு வரி முடிந்ததும் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டார். பி5 ஜேஎஸ் என்ற, நிரல் எழுதிப் படம் வரையும் கருவியில் முன்னோட்டப் படமும் இந்தப் பட்டியலும் ஒரே நிரலிலிருந்து வருமாறு வைத்தேன். தரவில் ஒரு எண் திருத்தினால் இரண்டும் சேர்ந்தே மாறும். தனித்தனியாகச் செய்தால் என்றைக்காவது ஒன்று முந்திக்கொள்ளும்.

தறி என்றதும் கண்காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், தறியில் வடிவத்தைத் தீர்மானிக்கும் ஜக்கார்டு அட்டையைப் பற்றிப் பேசுவார்கள். 1804, துளை அட்டை, பாபேஜ், கணினியின் தாத்தா என்று. எல்லாம் சரி, ஆனால் எங்கள் தறியில் ஜக்கார்டு பெட்டி கிடையாது. குழிக்குள் இரண்டு மிதி, கையில் நாடா, பக்கத்தில் தாள். நம் ஊர்ப் பக்கம் கணினிக்கும் கைவேலைக்கும் உறவு தேடுகிறவர்கள் தாம்பரத்துக்குப் போகலாம். சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து, கோலத்தைக் கணினி மொழியின் இலக்கண விதிகளாக எழுதி 1974-இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். புள்ளி வைத்துக் கம்பி இழுக்கும் யாருக்கும் அந்த விதிகள் கைக்குத் தெரிந்தவைதான்.

சாயத்தில் கவனம் வேண்டும். சாதாரணத் துணிக்கு ஒரு சிட்டம் (சுற்றிக் கட்டிய கட்டு) நூலுக்கும் அடுத்த சிட்டத்துக்கும் நிறம் அரை மாற்று வித்தியாசப்பட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே நிறம்தான் எண். நீலம் கொஞ்சம் வெளிறினால் பதின்மூன்று டி.எம்.சி. காணாமல் போனதாகப் பொருள். ஒரு பட்டறையில் கேட்ட நூலை இரண்டு தவணையாகச் சாயம் போட்டுக் கொடுத்தார்கள், வெளிச்சத்தில் வைத்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிகூட இல்லை. முழுவதையும் வேறு இடத்தில் ஒரே தொட்டியில் மறுபடி போட்டு வாங்கினோம். எத்தனை ஊடை என்று நிரலே கூட்டிச் சொல்லிவிடும் என்பதால் ஒவ்வொரு நிறமும் எத்தனை கிலோ வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட முடிந்தது. அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். நடுவில் தீர்ந்தால் அதே நிறம் திரும்பக் கிடைக்காது.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் எழுதுவதில்லை. தறிக்கூலி துணிக் கணக்கில்தான் பேசுவார்கள். வேகமாக நெய்தால் லாபம். நம் துணியில் நாடா மாற்ற மாற்ற வேகம் போகும். துணிக் கணக்கில் பேசினால், வானிலை மாறிய ஒவ்வொரு நாளுக்கும் அவர் கைக்காசு இழக்கிறார். நாள் கூலியாகப் பேசினோம், தார் சுற்றிய அவர் மனைவிக்கும் தனியாக. காட்சிப் பலகையில் இருவர் பெயரும் என் பெயருக்கு நிகராக, அவர்களிடம் கேட்ட பிறகு, போட்டேன்.

இப்போது துணிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் துணி நல்ல நீலத்தில் தொடங்குகிறது. 2023 ஜூன் 12 அன்று அணை திறக்கும்போது நீர்மட்டம் 103 அடி. அங்கிருந்து கைவிரல் ஒவ்வொன்றாக மடக்குவதுபோல நிறம் இறங்குகிறது. வரத்து இல்லை, திறப்பு இருக்கிறது. அக்டோபர் முதல் பாதியில் 30 அடிப் பக்கம், சுத்தமான மண் நிறம். குறுவை காய்ந்த ஆண்டு அது. பிறகு கொஞ்சம் பச்சை எட்டிப் பார்க்கிறது, ஜனவரியில் 70 அடியைத் தொட்டு மறுபடி இறங்குகிறது. துணியின் பெரும்பகுதி வெளிறியே கிடக்கிறது.

இரண்டாவது துணியை முதல் ஒன்றரை மாதம் பார்த்தால் முந்தின துணியின் தொடர்ச்சி. 2024 ஜூலை நடுவில் 50 அடிகூட இல்லை. ஜூலை 30 மாலை 120 அடி. பதினான்கு பதினைந்து நாள். துணியில் மூன்றரை அங்குலம். அந்த மூன்றரை அங்குலத்துக்குள் ஏழில் ஆறு நிறங்கள் வந்து போகின்றன, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நாள், நடுவே சிவப்பு இழைகள். தறியில் அந்த இடம் வந்தபோது வேலை ஆமையாக நகர்ந்தது. ஏழரை அடித் துணியில் மற்ற இடமெல்லாம் ஓடிய நாடா, இங்கே நின்று நின்று போனது. ஆடிப்பெருக்கு நாளில் கூடுதுறையில் ஆற்றில் இறங்க விடாமல் தடுத்ததை நெய்துகொண்டே பெரியவர் சொன்னார். அவருடைய ஞாபகத்துக்கும் என் கோப்பில் இருந்த எண்ணுக்கும் தேதி சரியாகப் பொருந்தியது. அதன் பிறகு அந்தத் துணி மே வரை நீலமும் கருநீலமும்தான். டிசம்பர் 31 அன்று மறுபடி 120 அடி.

ஒரே சுவரில் இரண்டையும் நெடுக்காகத் தொங்கவிட்டோம், ஜூன் மேலே, மே கீழே. கண்காட்சிக் கூடத்தில் இருந்த மஞ்சள் விளக்குகள் கருநீலத்தைக் கறுப்பாக்கிவிட்டன. பகல் வெளிச்சம் தரும் வெள்ளை விளக்குகள் மாற்றச் சொல்லி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நிறமே அளவீடாக இருக்கும் படைப்புக்கு விளக்கும் சட்டகத்தின் பகுதி என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். துணியின் அடியில் மெல்லிய மரச்சட்டம் கோக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் நடுவில் தொய்ந்து கோடுகள் வளையும்.

அமைப்பாளர்கள் 'ஏதாவது நேரலையாக' வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் பக்கத்தில் ஒரு சின்ன எல்.ஈ.டி. பட்டையும் வைத்தேன். அன்றைய இருப்பு எந்த நிறமோ அந்த நிறத்தில் எரியும். நேரலை வைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். எண் எடுக்கும் இணையப் பக்கம் திடீரென்று அமைப்பு மாறும், அல்லது திறக்காது. அப்போது விளக்கு அணையவும் கூடாது, பழைய எண்ணைப் புதிதுபோலக் காட்டவும் கூடாது. கடைசியாகக் கிடைத்த எண்ணைச் சாதனத்திலேயே சேமித்து, நாள் ஆக ஆக விளக்கு மங்கும்படி எழுதினேன். அப்புறம், மின்சாரம். கூடத்தில் இரவு மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள். நினைவக அட்டையில் ஓடும் குட்டிக் கணினிகள் அப்படிப் பட்டென்று அணைந்தால் ஒரு நாள் எழுந்திருக்காது. தானாக எழுந்து தானாக ஓடும் சாதாரண நுண்கட்டுப்பாட்டு அட்டையே போதும். நீங்கள் ஊரில் இல்லாதபோதுதான் கெட்டுப்போகும் என்று வைத்துக்கொண்டு வடிவமையுங்கள்.

விளக்கப் பலகையை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரு கொள்கை. துணிக்குப் பக்கத்தில் வைக்காமல், எதிர்ச் சுவரில் வைப்பேன். முதலில் பார்க்கட்டும், பிறகு திரும்பிப் படிக்கட்டும், மறுபடி திரும்பிப் பார்க்கட்டும். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி பலகைப் பக்கமே போகவில்லை. முதல் துணியில் மண் நிறம் தொடங்கும் இடத்தில் விரலை வைத்து, "இங்கதான் எங்க வயக்காடு போச்சு" என்றார். அந்த விரல் இருந்தது செப்டம்பர் மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில். அவரோடு வந்த பையன் கைபேசியில் தேதி பார்த்துச் சரி சொன்னான். மாநகரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பலகை தேவைப்பட்டது, அதில் ஒன்றும் குறைவில்லை.

பாதுகாத்து வைப்பது பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் அசைபடங்களை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் 2020 டிசம்பர் 31-ஓடு நின்றபோது, அதில் செய்த எத்தனையோ இணையக் கலைப்படைப்புகள் திறக்க முடியாமல் போயின. அதனால் ஒரு அட்டைப் பெட்டியில் சி.எஸ்.வி. கோப்பின் அச்சுப் பிரதி, தமிழில் எழுதிய விதி, ஏழு நிற நூலில் ஒவ்வொரு முழம், சாக்கட்டிக் கோடு போட்ட தறிப் பட்டியல் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். நிரல் ஓடாத காலம் வந்தாலும் இந்தப் பெட்டியை வைத்து யாரும் துணியை மறுபடி நெய்துவிடலாம்.

நெசவாளரைத் தேடிப் போகும் அளவுக்கு இப்போது வசதியில்லை என்பவர்கள் வீட்டு மின்வாரிய அட்டையை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு எண், பல ஆண்டுகளுக்கு இருக்கும். கோடை, குழந்தை பிறந்தது, ஏ.சி. வாங்கியது எல்லாம் அதில் இருக்கும். கட்டம் போட்ட நோட்டும் நாலு வண்ணப் பென்சிலும் போதும். ஜார்ஜியா லூப்பி, ஸ்டெஃபனி போசவெக் என்ற இரண்டு வடிவமைப்பாளர்கள் வாரம் ஒரு அஞ்சலட்டையில் தங்கள் அன்றாடத்தை எண்ணிக் கையால் வரைந்து ஓராண்டு முழுக்க ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அந்த அட்டைகள் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கணினி பிறகு வரட்டும்.

மூன்றாவது துணிக்கு, 2025 ஜூனில் தொடங்கும் ஆண்டுக்கு, நூல் வாங்க வேண்டும். ஜூன் கடைசியிலேயே அணை நிரம்பிவிட்டது. கோப்பைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் கருநீலம். கலைஞருக்கு இது சங்கடமான ஆண்டு, துணியில் ஒன்றுமே நடக்காது. படிகளைப் பொடிப்பொடியாக்கி ஏற்ற இறக்கம் காட்டலாமா என்று ஒரு சபலம் வந்தது, ஆனால் விதியை மாற்றினால் மூன்று துணிகளையும் ஒரே சுவரில் மாட்ட முடியாது. பட்டியலைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினேன். "இப்படியே இருக்கட்டுமுங்க, நாடா மாத்தற வேலையே இல்ல" என்றார். கருநீலம் மட்டும் இரண்டு மடங்கு சொல்லியிருக்கிறோம், ஒரே தொட்டியில்.